பெறுநர் பகுதியில் யார் பெயரை எழுதுவது?

அனுப்புநர்:
புதுக்கோட்டையில் மனு எழுதிப் பிழைப்பவன்.

பெறுநர்:
அடுத்து அமையவிருக்கும் தொகுதி மறுவரையறை ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும்.

பொருள்: புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் ஒரே நாடாளுமன்றத் தொகுதியாக்கக் கோருவது தொடர்பாக.

ஐயா, அம்மா, வணக்கம்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போன முறை ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவராக இருந்தார். இந்த முறை யாரோ. பெயர் தெரியாதவருக்கு மனு எழுதுவது எனக்குப் பழக்கம்தான். முப்பது வருடமாக அதுதான் தொழில். முதலில் தட்டச்சு எந்திரம், இப்போது கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காணாமல் போன ரேஷன் கார்டு என்று திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வருகிறவர்கள் கொண்டுவராத பிரச்சினை கிடையாது. எல்லா மனுவும் அனுப்புநர், பெறுநர், பொருள் என்றுதான் தொடங்கும். அனுப்புநரைப் பற்றிச் சந்தேகமே வராது. பொருளைப் பேச்சுக் கொடுத்து வாங்கிவிடலாம். எங்கள் மாவட்டத்தில் சிக்கல் எல்லாம் பெறுநரில்தான், அதுவும் மனு எம்.பி.க்கு என்றால்.

சில வருடங்களுக்கு முன் வடகாட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பம் போட வேண்டும், எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்ம எம்பி திருச்சிதானேண்ணே?" என்று கேட்டார். கடையில் அன்று நல்ல கூட்டம். நானும் யோசிக்காமல் "ஆமாக்கா" என்று சொல்லித் திருச்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் மறுநாள் விடியலில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், காத்திருந்து, உள்ளே போனதும் ஊர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். வடகாடு ஆலங்குடித் தொகுதி, ஆலங்குடி சிவகங்கையில் வரும், நீங்கள் அங்கேதான் போக வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது. அந்த அக்கா திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "சிவகங்கைக்கு எங்கண்ணே பஸ் ஏறணும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இன்றும் இருக்கிறது.

புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை: திருச்சி.
திருமயம், ஆலங்குடி: சிவகங்கை.
விராலிமலை: கரூர்.
அறந்தாங்கி: இராமநாதபுரம்.

அட்டை ஒட்டியும் முழுசாகத் தீரவில்லை. ஒரே தாலுகாவில் இருக்கும் ஊர்களே இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரிந்து கிடப்பதால் தாலுகா பெயரை வைத்தும் அடித்துச் சொல்ல முடியாது. வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கையில் வாக்காளர் அட்டை இல்லாமல் வந்தால் போச்சு.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. வகுத்தால் மிச்சமில்லாமல் ஆறு வருகிறது. ஆறு எம்.எல்.ஏ. தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி, மாநிலம் முழுக்க இதுதான் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை சட்டமன்றத் தொகுதி தெரியுமா? ஆறு. கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. வரிசை எண் கூட 178 முதல் 183 வரை அடுத்தடுத்து இருக்கிறது. கத்தரி வைக்கத் தேவையே இல்லாத துணி. அதைத்தான் நான்கு துண்டாக வெட்டி நான்கு பேருக்குச் சட்டை தைத்தார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2008-க்கு முன் எங்கள் மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள்தான்: குளத்தூர் (தனி), புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம். மறுவரையறையில் குளத்தூரை எடுத்துவிட்டு விராலிமலை, கந்தர்வகோட்டை என்று இரண்டைப் புதிதாகக் கொடுத்தார்கள். ஐந்து ஆறானது. ஐந்து இருந்தபோது புதுக்கோட்டைக்கு எம்.பி. இருந்தார். ஆறு ஆனதும் இல்லை. இந்தக் கணக்கை என்னிடம் படிக்கிற பையன் போட்டுக் கொண்டுவந்தால் திரும்பப் போடச் சொல்லுவேன்.

மக்கள் தொகை போதவில்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்று அதையும் பார்த்துவிட்டேன். போன மறுவரையறைக்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. மாநில மக்கள் தொகை 6,24,05,679. முப்பத்தொன்பதால் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்று 14,59,601 பேர். சராசரியைவிட ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவு. பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதுதான் அந்த ஆணையமே வைத்துக்கொண்ட அளவு. அளவுக்கு உள்ளேதான் இருந்தோம்.

அப்படியானால் ஏன் வெட்டினார்கள்? பக்கத்து வீடுகளை எட்டிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். சிவகங்கை மாவட்டத்துக்கு நான்கு சட்டமன்றத் தொகுதிகள், இராமநாதபுரத்துக்கும் நான்கு. ஆறு ஆக இரண்டிரண்டு வேண்டும். சிவகங்கைக்கு எங்களிடமிருந்து திருமயத்தையும் ஆலங்குடியையும் எடுத்தார்கள். இராமநாதபுரத்துக்கு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி ஒன்று, எங்கள் அறந்தாங்கி ஒன்று. திருச்சிக்கு மாநகரைச் சுற்றி நான்கு போக மீதிக்கு நாங்கள் இரண்டு. பக்கத்து வீட்டு இலையில் சோறு குறைந்ததென்று எங்கள் பானையைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

சிவகங்கை, இராமநாதபுரம் விஷயத்திலாவது இப்படி ஒரு காரணம் சொல்லலாம். கரூருக்கு அதுவும் கிடையாது. கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி, கரூர், கிருஷ்ணராயபுரம், குளித்தலை என்று நான்கு தொகுதிகள். இதில் குளித்தலையைப் பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தத் தொகுதியை வெளியே அனுப்பிய பிறகு இடம் நிரப்ப வேண்டுமே என்று திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வேடசந்தூரையும், திருச்சி மாவட்டத்திலிருந்து மணப்பாறையையும், எங்களிடமிருந்து விராலிமலையையும் கொண்டுவந்தார்கள். ஒரே எம்.பி., நான்கு மாவட்ட ஆட்சியர்கள். விராலிமலையிலிருந்து திருச்சி முப்பது கிலோமீட்டர் அளவில்தான். புதுக்கோட்டையும் நாற்பதுக்குப் பக்கம். ஆனால் விராலிமலைக்காரருக்கு எம்.பி. கரூர். மணப்பாறையைத் தாண்டி, குளித்தலையையோ வேறெதையோ சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை நான் படித்திருக்கிறேன். தொகுதிகள் கூடுமானவரை அடக்கமான நிலப்பரப்பாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி எல்லாவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து திருச்சுழி கரிசல் காடு வரை ஒரே தொகுதி என்று கோடு போட்டபோது இந்தப் பிரிவின் எந்த வரி நினைவுக்கு வந்தது என்றுதான் புரியவில்லை. அறந்தாங்கியிலிருந்து இராமநாதபுரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி முப்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த முப்பதுக்குள்ளேயே டவுன் பஸ் திருச்சித் தொகுதியில் கிளம்பி, சிவகங்கைத் தொகுதி வழியாகப் போய், இராமநாதபுரம் தொகுதியில் நிற்கும். கண்டக்டர் மட்டும் ஒருவரே.

கொஞ்சம் பழங்கதையும் சொல்லிவிடுகிறேன். இது ஏதோ நடுவில் வந்து நடுவில் போன தொகுதி அல்ல.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தால் ஆட்சியர் அலுவலகத்தைப் பார்ப்பீர்கள். அது தொண்டைமான் மன்னர்களின் அரண்மனை. தமிழ் பேசும் நிலத்தில் வெள்ளைக்காரன் காலம் முழுக்கத் தனி சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டைதான். சொந்தக் காசு கூட அடித்தார்கள். அம்மன் காசு என்று பெயர், ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. எங்கள் பாட்டியின் சுருக்குப்பையில் இரண்டு இருந்தன. பிறகு யார் கைக்குப் போனதோ. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சேர்ந்த கையோடு திருச்சி மாவட்டத்தில் ஒரு கோட்டமாகிவிட்டோம். 1974 ஜனவரி 14-ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆனோம். அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தது. மன்னர் ராஜகோபால தொண்டைமானின் அரண்மனை ஆட்சியர் அலுவலகமானது. ஆக, தனி மாவட்டத்துக்கு இருபத்தாறு வருடம் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்திலும் ஒன்று எங்களிடம் இருந்தது: நாடாளுமன்றத் தொகுதி. மாவட்டம் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கு முன்பே தொகுதி பிறந்துவிட்டது.

1952 முதல் பொதுத்தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் கே.எம். வல்லத்தரசு ஜெயித்தார். சுதந்திரம் வந்த சூடு ஆறாத நேரம், காங்கிரஸ் அல்லாத ஒருவரை அனுப்பிய ஊர் இது. 1957-இல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார். 1962-லும் 1967-லும் ஆர். உமாநாத். முதல் தடவை இந்திய கம்யூனிஸ்ட், இரண்டாவது தடவை மார்க்சிஸ்ட். நடுவில் பிளந்தது கட்சிதான், தொகுதி முழுசாகவே இருந்தது. என் அப்பா உமாநாத் கூட்டத்துக்கு சைக்கிளில் போனவர். பொன்மலைத் தொழிற்சங்கக்காரர் எங்கள் வறண்ட பூமியில் வந்து பேசியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1971-இல் திமுகவின் வீரையா, 1977-இல் அதிமுகவின் இளஞ்செழியன், 1980-இல் காங்கிரஸின் சுவாமிநாதன். பிறகு 1984, 1989, 1991 என்று மூன்று முறை காங்கிரஸின் சுந்தரராஜ். 1996-இல் திருச்சி சிவா, 1998-இல் ராஜா பரமசிவம், 1999-இல் திருநாவுக்கரசர், 2004-இல் ரகுபதி. அவ்வளவுதான், அதோடு பட்டியல் முடிந்தது. பதினான்கு மக்களவைகளில் எங்களுக்கு ஓர் இருக்கை இருந்திருக்கிறது. காங்கிரஸ், கம்யூனிஸ்ட், இரண்டு கழகங்கள், மூன்றாவதாக ஒரு கழகம் என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறோம். எந்தக் கட்சியின் கோட்டை என்றும் எங்களை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் வெட்டும்போது எந்தக் கட்சியும் பெரிதாகக் கத்தவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தியமூர்த்தி திருமயத்தில் பிறந்தவர். 1934-இல் மத்திய சட்டசபைக்குப் போய் வெள்ளைக்கார அரசைத் தினமும் கேள்வி கேட்டுத் திணறடித்தவர். சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் முதலில் போன பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரர். சபையில் எழுந்து நின்று பேசுவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். சரி, பெருமை போதும்.

பழைய தொகுதியும் மாவட்டமும் ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்தியது என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி மனு எழுதினால் விசாரணையில் அடிபட்டுப் போகும். 2008-க்கு முன் புதுக்கோட்டைத் தொகுதியில் இருந்தவை குளத்தூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, இவற்றோடு தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியும் பட்டுக்கோட்டையும். திருமயம் அப்போதே சிவகங்கையோடுதான். பட்டுக்கோட்டைக்காரர்கள் அந்த நாளில் என்னைப் போலவே முணுமுணுத்திருப்பார்கள், இப்போது தஞ்சாவூரோடு சேர்ந்ததில் சந்தோஷமாக இருப்பார்கள். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க நான் வரவில்லை. பழைய எல்லைக் கோட்டை அப்படியே போடுங்கள் என்று கேட்கவும் இல்லை. புதிய கோடு, மாவட்டக் கோடு, அதுதான் கேட்பது.

2008-இல் தமிழ்நாட்டில் பல தொகுதிகளின் பெயர் போனது. சிவகாசி விருதுநகர் ஆனது, பெரியகுளம் தேனி ஆனது, நாகர்கோவில் கன்னியாகுமரி, திருச்செந்தூர் தூத்துக்குடி, திருச்செங்கோடு நாமக்கல். பலகையை மாற்றி மாவட்டத்தின் பெயரை வைத்தார்கள், நியாயம்தான். மாவட்டத் தலைநகராகவே இருந்த எங்கள் பெயரை எடுத்துவிட்டு வைத்த பெயர் என்ன? எதுவுமில்லை. திருவாரூர், அரியலூர் மாவட்டங்களின் பெயரிலும் தொகுதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரியலூரின் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்தே சிதம்பரத்தில் இருக்கின்றன. திருவாரூரில் மன்னார்குடி தவிர மற்ற மூன்றும் நாகப்பட்டினத்தில். நாலாப் பக்கமும் இழுக்கப்பட்டது நாங்கள்தான்.

நான்கு எம்.பி. இருந்தால் நல்லதுதானே, நான்கு மடங்கு வேலை நடக்குமே என்று ஒரு அதிகாரி என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். கணக்கைப் பாருங்கள் சார் என்றேன். திருச்சித் தொகுதியில் நாங்கள் ஆறில் இரண்டு. சிவகங்கையில் ஆறில் இரண்டு. கரூரில் ஆறில் ஒன்று. இராமநாதபுரத்தில் ஆறில் ஒன்று. எங்கேயும் நாங்கள் பாதி கூட இல்லை. வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி, ஆறில் ஒன்றைப் பார்த்தா முடிவு செய்யும்? 2019-இல் திருச்சியில் ஜெயித்த திருநாவுக்கரசர் அறந்தாங்கியிலிருந்து அரசியலுக்கு வந்தவர், எங்கள் ஊர்க்காரர்தான், பலமுறை அறந்தாங்கி எம்.எல்.ஏ. ஆனால் டெல்லியில் அவர் திருச்சி எம்.பி.யாகத்தான் இருந்தார். அவருடைய சொந்த அறந்தாங்கிக்கு எம்.பி. வேறொருவர்.

தொகுதி மேம்பாட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எம்.பி.க்கு வருடத்துக்கு 5 கோடி. தொகுதி பல மாவட்டங்களில் பரவியிருந்தால், அந்தப் பணம் எந்த மாவட்ட நிர்வாகம் மூலம் வர வேண்டும் என்று எம்.பி. ஒரு மாவட்டத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். திருச்சி எம்.பி. எதைக் குறிப்பார், கரூர் எம்.பி. எதைக் குறிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆட்சியர் ஒருவர், நிதி கேட்டுக் கடிதம் போக வேண்டிய திசை நான்கு. யாரையும் குறை சொல்லவில்லை. ஆறு பேருக்குப் பங்கு வைக்கும்போது கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு வரும் என்பது கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

பணத்தைவிட முக்கியம் பேச்சு. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பெட்ரோலியத் துறை விவகாரம், டெல்லியில்தான் பேச வேண்டும். நெடுவாசல் சனங்கள் வேப்பமரத்தடியிலும் பந்தலிலும் உட்கார்ந்து போராடியது நாடறிந்த கதை. அந்த நாட்களில் என் கடையில் பிரிண்டர் சூடு ஆறவில்லை. பிரதமருக்கு, முதல்வருக்கு, பெட்ரோலிய அமைச்சருக்கு, ஆட்சியருக்கு என்று அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "எம்பிக்கு?" என்று கேட்டால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிவகங்கை என்றால் அவர்களுக்கு வேறு ஊர். அடுத்த வருடம் நவம்பரில் கஜா புயல். கீரமங்கலம், வடகாடு பக்கம் நாற்பது ஐம்பது வருடத்துப் பலா, தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்தன. ஒரு பெரியவர் மனுவில் ஒவ்வொரு மரத்துக்கும் வயது போட்டு எழுதச் சொன்னார். "இது என் மூத்தவன் பொறந்தப்ப வச்சது, எழுதிக்க" என்றார். அப்படிப் பதினொரு மரம் எழுதினேன். அந்த மனுவுக்கும் பெறுநர் சிவகங்கை. அதே புயலில் கூரை போன கந்தர்வகோட்டைக்காரருக்குப் பெறுநர் திருச்சி. ஒரே காற்றுதான் அடித்தது.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு. இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் அவர்களுக்கு எம்.பி. இராமநாதபுரத்துக்காரர். இராமேஸ்வரம் மீனவர்களுக்காக அவர் எப்படியும் பேசியாக வேண்டும், அதோடு இவர்களையும் சேர்த்துக்கொள்வார். ஒரு வகையில் அனுகூலம்தான் என்று ஜெகதாப்பட்டினத்து நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் இதை மறைக்கவில்லை. அறந்தாங்கியை எங்களோடு சேர்த்தால் அவர்கள் அந்தப் பலத்தை இழப்பார்களா என்று நீங்கள் அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

தொகுதி போனபோது ஊர் சும்மா இருக்கவில்லை. 2009 தேர்தலில் 49-ஓ போடச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. அப்போது நோட்டா பொத்தான் வரவில்லை, அது 2013-இல்தான். 49-ஓ என்றால் வாக்குச்சாவடி அதிகாரியிடம் போய், எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லை என்று வாயால் சொல்லி, பதிவேட்டில் அதை எழுத வைத்து, கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். விரலில் மை வைத்தாகிவிட்டது, மிஷின் பக்கம் போகாமல் நிற்கிறேன். அதிகாரி, பாவம், வெளியூர் வாத்தியார், கையேட்டைப் புரட்டுகிறார். ஏஜெண்டுகள் நான்கு பேரும் என்னையே பார்க்கிறார்கள், அதில் இரண்டு பேர் என் வாடிக்கையாளர்கள். "என்ன காரணம் எழுதணும் சார்?" என்று அவர் கேட்டார். காரணம் எழுதத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "புதுக்கோட்டைத் தொகுதி" என்று சொன்னேன். எழுதினாரா என்று பார்க்கவில்லை.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். உங்கள் ஆணைக்குச் சட்டத்தின் பலம் உண்டு, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அதே மறுவரையறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கதவை மூடிவிட்டது. அரசியல் சாசனத்தின் 329-ஆம் பிரிவு அதன் மேல் தாழ்ப்பாள். வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமாக இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. நல்லது. ஆனால் பதினாறு வருடம் கழித்துத் திறந்த ஜன்னல். உங்கள் பேனா ஒரு முறை கோடு போட்டால் ஒரு தலைமுறை அதற்குள் ஓட்டுப் போட வேண்டும். போன முறை கோடு போட்டபோது பிறந்த குழந்தை இப்போது வாக்காளர். புதுக்கோட்டைக்கு எம்.பி. இருந்தது என்பதே அதற்குத் தெரியாது. அதனால்தான் கோடு போடுவதற்கு முன்பே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இத்தனை இடமா அத்தனை இடமா என்று பெரிய சண்டை நடக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு இடம் குறையலாமா என்ற கேள்வியில் நான் மாநிலத்தின் பக்கம். 1967 தேர்தலில் 41 இடம் 39 ஆனதை மறந்தவர்கள் இங்கே குறைவு. ஆனால் அந்தச் சண்டையை முடிப்பது நாடாளுமன்றம். எத்தனை இடம் வந்தாலும் அதற்குள் கோடு போடப்போவது நீங்கள். என் மனு கோட்டைப் பற்றி மட்டும்.

சொல்ல வேண்டிய குறையையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் எங்கள் மாவட்ட மக்கள் தொகை 16,18,345. மாநில சராசரி தொகுதிக்கு பதினெட்டரை லட்சம். பற்றாக்குறை பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. புதிய கணக்கெடுப்பில் இன்னும் கூடலாம், கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள் அங்கேதான் எண்ணப்படுவார்கள். அதற்கு வழி இல்லாமல் இல்லை. பேராவூரணிப் பக்கத்துப் பிர்காக்களில் சிலவற்றுக்கு அறந்தாங்கிதான் சந்தை, அறந்தாங்கிதான் ஆஸ்பத்திரி. பழைய தொகுதியிலும் அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்மதமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். சிவகங்கைக்குக் குறைவதற்கு மதுரை மாவட்டத்தில் பத்துத் தொகுதிகள் இருக்கின்றன, மேலூர் சிவகங்கையை ஒட்டித்தான் கிடக்கிறது. மேலூர்க்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், அவர்களும் உங்களுக்கு ஒரு மனு எழுதட்டும். எதிர்மனுவுக்கும் நான் எழுதிக் கொடுப்பேன், கூலி ஒன்றுதான்.

வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பீர்கள், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பீர்கள், அது சட்டப்படி உண்டு. அந்தக் கூட்டங்களில் ஒன்றைப் புதுக்கோட்டையில் வையுங்கள். திருச்சியில் வைத்தால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்றில்லை, வருவார்கள். ஆனால் அறந்தாங்கிக்காரர் தன் ஊர் இராமநாதபுரமா புதுக்கோட்டையா என்று சொல்வதற்குத் திருச்சிக்கு வர வேண்டுமா என்று யோசியுங்கள். உங்களோடு இணை உறுப்பினர்களாக எங்கள் மாநிலத்து எம்.பி.க்கள் ஐந்து பேர், எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேர் உட்காருவார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது, பேசலாம். புதுக்கோட்டையின் பெயரில் ஒரு எம்.பி. கிடையாது என்பதால் அந்த ஐந்து பேரில் எங்களுக்காகப் பேச ஒருவர் இருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் அந்த வேலையையும் இந்தக் கடிதம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கோரிக்கை இதுதான்: எங்கள் ஆறையும் ஒன்றாக வையுங்கள். புதுக்கோட்டை என்று பெயர் வைத்தால் மகிழ்ச்சி. அறந்தாங்கி என்று வைத்தாலும் சண்டை போட மாட்டேன். ஊர்க்காரர்கள் போடுவார்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வடகாட்டிலிருந்து வருகிறவரிடமும் விராலிமலையிலிருந்து வருகிறவரிடமும் வாக்காளர் அட்டையைக் கேட்காமல் நான் 'பெறுநர்' என்று அடித்து, அடுத்த வரியில் ஒரே பெயரை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன்,
புதுக்கோட்டை.

இணைப்பு: கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையின் நகல் ஒன்று. ஓரம் கிழிந்திருப்பதால் 'விராலிமலை' பாதிதான் விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.